விதவைகளுக்கான தையல் மெஷின்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ரங்கூனில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அங்கே தலைமுறைகளாக இருந்த நம் ஆட்கள் கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்து இறங்கினார்கள். அவர்களில் சில குடும்பங்கள் சொந்தக்காரர்களைத் தேடிப் பெங்களூருக்கு வந்தன.

2. சினிமாவில் பேர் பெற்ற ஒரு நடிகை அவர்களுக்காகப் பேசத் தொடங்கினார். ரேடியோவில் பேசினார், கல்லூரிகளில் பேசினார், மில் வாசலில் நின்றும் பேசினார்.

3. மல்லேஸ்வரத்தில் என் அத்தை செயலாளராக இருந்த மாதர் சங்கம் அந்த நடிகையின் நாடகத்தை நடத்தியது. வசூலில் பர்மாவிலிருந்து வந்த விதவைகளுக்குத் தையல் மெஷின் தருவதாக நோட்டீஸ் அடித்தது.

4. புது மெஷினுக்கு வசூல் போதவில்லை. பழைய மெஷின்களை வாங்கினார்கள். அவற்றை ஓட வைக்க ஆள் தேவைப்பட்டது. அத்தை என் பெயரைச் சொன்னாள்.

5. பழுது பார்த்த மெஷின்களில் தைத்துப் பார்க்க, நீலசந்திராவிலிருந்து ஒரு பர்மாக்கார அம்மாள் வந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். மெஷின் பெறப்போகிறவர்களில் அவரும் ஒருவர்.

6. சங்கத்தின் பட்டியலில் அவர் விதவை.

7. அவருடைய கணவர் ரங்கூனில் உயிரோடு இருந்தார்.

ஏழாவது விஷயம் எனக்குத் தெரிய வந்தபோது விழாவுக்கு நாள் குறித்து, பந்தலுக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தொழிற்சாலையில், செய்து வரும் உதிரிப் பாகங்களை அளந்து தேறியது தேறாதது என்று பிரிப்பது என் வேலை. நாள் முழுவதும் நின்றுவிட்டு, தொழிற்சாலை பஸ்ஸில் வந்து மல்லேஸ்வரத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே சங்கத்துக்கு இடம் கொடுத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போவேன். அங்கே டிராயிங் வகுப்பில் மெஷின்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன கோளாறு என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டேன். ஒன்றில் அடிநூலை ஓட்டும் ஷட்டில் தேய்ந்திருந்தது. ஒன்றில் துணியைத் தள்ளும் பல் மழுங்கியிருந்தது. ஒன்றுக்குள் கரப்பான் முட்டையிட்டு வைத்திருந்தது. எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். கையிலிருந்த அந்த வாசனை சாப்பிடும்போதும் போகவில்லை.

அக்கா ரங்கூனில் கணவரோடு சேர்ந்து துணிக்கடை வைத்திருந்தவர். கடையின் பின்கட்டில் அவர் தைப்பார். இங்கே நீலசந்திராவில் தங்கையின் வீட்டில், இரண்டு பிள்ளைகளோடு ஒண்டிக்கொண்டிருந்தார். ஒரே அறை. தங்கையின் மாமியார் அந்த அறையின் வாசலிலேயே படுத்திருப்பவள். இரவில் யார் எழுந்து வெளியே போனாலும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் அவள் ஏதாவது சொல்வாள். மெஷின் கிடைத்தால் தனியாக ஓர் அறை பிடித்துவிடலாம் என்பதுதான் அக்காவுக்கு இருந்த ஒரே நினைப்பு. எங்கே தொடங்கினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

அன்றைக்கும் அப்படித்தான். ஒரு மெஷினில் பழைய வேட்டித் துண்டைக் கொடுத்து ஓட்டிக்கொண்டே சொன்னார்:

"இது எனக்கு வந்துருச்சுன்னா போதும் தங்கச்சி. அவரு வர்றதுக்குள்ள ஒரு ரூம்பப் பிடிச்சுருவேன். வந்து எறங்குறப்ப கொழுந்தியா வீட்டுல குந்த வைக்க முடியுமா?"

"யாருக்கா வர்றாங்க?"

"நல்லாக் கேட்டே போ. எங்க வீட்டுக்காரருதான்."

நான் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தேன்.

அவர் சொன்னது இது. ரங்கூன் துறைமுகத்தில் நகை எதையும் கொண்டுபோக விடவில்லை. காதில் கிடந்தது போயிற்று. பிறகு தாலியையும் கழற்றச் சொன்னார்கள். அவர் கழற்றவில்லை, சோதனை போட்ட அதிகாரியே கழற்றிக்கொண்டான். கணவருக்குக் கடை வரிக் கணக்கு முடிந்ததாகக் கடிதம் வரவில்லை, அதனால் அவரைக் கப்பலில் ஏற்றவில்லை. தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாராம்.

"கப்பல்லயே எல்லாரும் சொன்னாங்க, ஒரு மஞ்சளக் கயித்துல கோத்துக் கட்டிக்கன்னு. நிறையப் பேரு கட்டிக்கிட்டாங்க. நான் மாட்டேன்னுட்டேன். எடுத்தவன் எடுத்துட்டான். கட்டவேண்டியவரு வந்து கட்டட்டும். அதுவரைக்கும் நானா எதையும் கழுத்துல போட்டுக்கிறதில்ல."

நெற்றியில் அவர் இட்டுக்கொள்வது கறுப்புச் சாந்து. அதுவும் பர்மா வழக்கமோ என்னவோ என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

சங்கத்தில் அவர் பெயரை எழுதிய நாளன்று என்ன நடந்திருக்கும் என்பதை என்னால் பார்க்காமலே சொல்ல முடியும். வெறும் கழுத்தோடு ஒரு பெண் எதிரே வந்து நின்றால், எங்கள் வீடுகளில் அவளிடம் புருஷனைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். கேட்பது பாவம். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அத்தை எந்தக் கப்பல், எத்தனை பிள்ளைகள், தைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்டிருப்பாள். அந்த ஒன்றைக் கேட்காமல் தானே எழுதிக்கொண்டிருப்பாள். மெஷின் விதவைகளுக்கு என்பதையும் வந்தவர்களின் முகத்துக்கு நேராக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதுவும் மரியாதைதான். நோட்டீஸ் கன்னடத்தில் இருந்தது. அக்காவுக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியாது.

நான் சொல்ல வேண்டியதாயிற்று. முதலில் சிரித்தார்.

"என்னையப் பார்த்தா தாலியறுத்தவ மாதிரியா இருக்கு?" என்றார். பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆமா, இருக்கும்."

மேடையில் முதலில் ஒரு வெள்ளைப் புடவை கொடுப்பார்கள், பிறகுதான் மெஷின் என்பதையும் சொன்னேன். அவர் மெஷினின் மூடியை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. நான் நீலசந்திராவுக்குப் போனேன். தங்கை குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், நான் கேட்கும் முன்பே தொடங்கிவிட்டாள்.

"நீயே சொல்லும்மா இவளுக்கு. ராத்திரி பூரா ஒரே பேஜாரு. காயிதத்துல என்ன எழுதுனா என்ன? தைக்கிறப்ப மெஷினு கேக்குமா, உம் புருசன் இருக்கானா இல்லையான்னு?"

"நீ சும்மா இருடி," என்றார் அக்கா உள்ளிருந்து.

"ஏன் சும்மா இருக்கணும்? மாமா என்ன ரங்கூன்ல குந்திக்கினு நம்மூரு பேப்பரா படிக்கப்போறாரு?"

"அவரு படிக்க வேணாம். நான் கையில வாங்கணுமே அந்தச் சேலைய. அவரு கப்பலுக்கு நிக்கிறாரு, நான் இங்க அவருக்குக் கருமாதி பண்ணுறேன்."

வாசலில் படுத்திருந்த மாமியார், "மெஷினு வரும்னு சொன்னதுனாலதான் இத்தினி நாளு வாயத் தொறக்காம இருந்தேன்," என்றாள், யாரையும் பார்க்காமல்.

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "பார்த்துக்கினியா. நான் எத்தினி நாளைக்கும்மா தாங்குவேன்?"

நான் வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மாதம் அவள் விழா வேலையாகத் தினமும் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"உன்னை யாருடி கேக்கச் சொன்னது?"

"நான் கேக்கலை அத்தை. அவங்களே சொன்னாங்க."

"சொன்னா காதுல வாங்காம இருக்கணும். உனக்கு மெஷினை ரிப்பேர் பண்ணத்தானே சொன்னேன்? இப்ப நான் சங்கத்து டிரஸ்டிங்ககிட்ட என்னன்னு சொல்றது? வெள்ளைப் புடவை குடுத்த ஜவுளிக்கடைக்காரருக்கு என்ன சொல்றது? எண்ணிக் குடுத்திருக்காரு மனுஷன்."

"அந்தப் பேரை மாத்தி எழுதிட்டா?"

"மாத்தினா மெஷின் கிடையாது. புருஷன் இருக்கான்ல."

பிறகு அத்தையே, "நாடகம் போட்ட அந்தம்மாவைப் போய்ப் பார்ப்போம். மெஷின் அவங்க வசூல். அவங்க சொன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க," என்றாள்.

நடிகை ஹைகிரவுண்ட்ஸ் பக்கம் ஒரு நண்பரின் பங்களாவில் தங்கியிருந்தார். நாங்கள் போனபோது பிற்பகல். சுவரொட்டிகளில் பார்த்த முகம்தான், ஆனால் பவுடர் இல்லாமல், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய். கால்களை உப்பு போட்ட வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தார். அன்று காலையிலிருந்து மூன்று இடங்களில் நின்று பேசிவிட்டு வந்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லி, அத்தை சொன்னதை முழுவதும் கேட்டார்.

"நான் முதல்லே எல்லாருக்கும்னுதாம்மா கேட்டேன்," என்றார் கடைசியில். "பர்மாவிலேருந்து வந்த குடும்பங்களுக்குன்னு. கைதட்டினாங்க. உண்டியல்லே ஒண்ணும் விழலை. 'ஆம்பிளை இருக்கான்ல, சம்பாதிக்கட்டும்'னாங்க. விதவைன்னு சொன்னேன், பர்ஸ் திறந்துது. இப்ப எல்லா ஊர்லேயும் அப்படித்தான் சொல்றேன். எனக்கே அலுத்துப்போச்சு."

"இந்த ஒரு அம்மாவுக்கு மட்டும்..." என்றாள் அத்தை.

"வெள்ளைப் புடவை வேண்டாம். அது என் பொறுப்பு. அவங்களைக் கடைசியா மேடைக்கு அனுப்புங்க. நான் பார்த்துக்கறேன்."

அவர் சொன்ன விதத்தில் எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. நான் அன்றே நீலசந்திராவுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா பலமுறை கேட்டார்: "வெள்ளச் சேல கெடையாதுல்ல? விதவைன்னு கூப்பிட மாட்டாங்கல்ல?" இல்லை என்றேன். கிளம்பும்போது தங்கை எனக்குக் காபி கொடுத்தாள்.

விழா பள்ளிக்கூடத்து மைதானத்தில் நடந்தது. மெஷின்களை மேடையின் ஒரு பக்கம் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் பூச் சுற்றியிருந்தார்கள். பூவிலிருந்து தண்ணீர் சொட்டி இரும்பில் இறங்குமே என்று நான் துணியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பெயரைக் கூப்பிடுவார்கள், வெள்ளைப் புடவையை நடிகை கொடுப்பார், பிறகு இருவரும் மெஷினின் மேல் கை வைத்துக்கொண்டு போட்டோக்காரரைப் பார்ப்பார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. போட்டோக்காரர், "அம்மா, சொல்ப்ப தலை எத்தி," என்று, கொஞ்சம் தலையைத் தூக்கச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அக்கா வந்தார். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை, தங்கையுடையதாக இருக்க வேண்டும். நடிகை புடவைத் தட்டை நகர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

அவர் பேச்சை நான் அதற்கு முன் ரேடியோவில்தான் கேட்டிருந்தேன். நேரில் கேட்பது வேறு. குரலை உயர்த்தவே இல்லை. துறைமுகத்தைச் சொன்னார், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதரைச் சொன்னார், கழுத்தில் கை வைத்த அதிகாரியைச் சொன்னார். "இவங்க விதவை இல்லை. இவங்க புருஷன் உயிரோட இருக்கார். இந்தக் கழுத்து காத்துக்கிட்டிருக்கு," என்றார். முன்வரிசையில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அத்தையும் துடைத்தாள். நானும் அழுதேன்.

அப்போது நடிகை தன் கழுத்தில் இருந்த தங்கச் சங்கிலியைக் கழற்றினார்.

கூட்டம் எழுந்து கைதட்டியது. இது முன்கூட்டியே நினைத்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. பேச்சின் வேகத்தில் அவர் கை தானாகப் போயிற்று. சங்கிலியை இரண்டு கையாலும் விரித்து அக்காவின் தலைக்கு மேல் கொண்டுவந்தார். அக்கா பின்னால் ஓரடி நகர்ந்து, தன் கையைக் கழுத்துக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார். சங்கிலி அவர் மணிக்கட்டில் வந்து தொங்கியது.

"வாங்கிக்கம்மா," என்றார் நடிகை மெதுவாக. "எல்லாரும் பார்க்கிறாங்க."

"கையில குடுங்கம்மா, கும்பிட்டு வாங்கிக்கிறேன். கழுத்துல வேணாம்."

மைக் பக்கத்தில் இருந்ததால் இது எல்லோருக்கும் கேட்டது. கைதட்டல் அங்கங்கே நின்றது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "தங்கம் கசக்குதாமா?" என்றார். சிரித்தார்கள். "பிச்சை வாங்க வந்த இடத்துலயும் திமிரைப் பாரு," என்று ஒரு பெண்குரல்.

நடிகை ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு சங்கிலியை உயரத் தூக்கிப் பிடித்து, "சரி, இந்தச் சங்கிலியை இப்பவே ஏலம் விடறேன். இவங்க புருஷன் மாதிரி அங்கே நிக்கிற அத்தனை பேருக்காகவும். யார் கேக்கறீங்க?" என்றார். கூட்டம் திரும்பவும் அவர் பக்கம் வந்துவிட்டது. போட்டி போட்டுக் கேட்டார்கள். ஜவுளிக்கடைக்காரர்தான் கடைசியில் எடுத்தார், எடுத்து அதை ஒரு மாலையோடு நடிகைக்கே திரும்பப் போட்டார். அதற்கும் கைதட்டல். ஏலம் முடியும்வரை அக்கா மேடையின் நடுவில் நின்றுகொண்டே இருந்தார். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தேசிய கீதம் தொடங்கியதும் எல்லோரும் அவரைப் போலவே நின்றார்கள். அது முடிந்ததும் கலைந்தார்கள்.

அவருக்கான மெஷின் பூவோடு அங்கேயே இருந்தது. அத்தை அதைத் தூக்க ஆள் கூப்பிட்டாள். டிரஸ்டிகளில் மூத்தவர் வந்து தடுத்தார். கெட்ட மனிதர் இல்லை, சத்தம் போடவும் இல்லை. "கண்ட இதானல்லம்மா, ஹேகே கொடோது?" என்றார். புருஷன் இருக்கிறானே, எப்படிக் கொடுப்பது? அதுவரை அவருக்கு அது தெரியாது. இப்போது மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நாளைக்குப் பேப்பரிலும் வந்துவிடும். விதவைகளுக்கென்று வாங்கிய பணத்தில் வேறொருத்திக்குக் கொடுத்ததாக நாளைக்கு யாராவது கேட்டால் சங்கம் என்ன பதில் சொல்லும்?

அத்தை நடிகையைத் தேடிப் போனாள். அவர் கார் கிளம்பிவிட்டிருந்தது. அடுத்த கூட்டம் மைசூரில்.

நான் அக்காவோடு பஸ்ஸில் போனேன். மார்க்கெட்டில் பஸ் மாற வேண்டியிருந்தது. இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவரே பேசினார்.

"அந்தம்மா மேல தப்பில்ல தங்கச்சி. நல்லாத்தான் பேசுனாங்க. கேட்டு எனக்கே அழுக வந்துருச்சு, யாரு பெத்த புள்ளையோ பாவம்னு."

சிரித்தார். பிறகு கேட்டார்: "சேலையும் இல்ல, மெஷினும் இல்ல. என் தங்கச்சியோட மாமியாகிட்ட என்னன்னு சொல்றது?"

வீட்டு வாசலில் அந்தக் கிழவி எழுந்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் கைகளைப் பார்த்தாள், பிறகு எங்களுக்குப் பின்னால் யாராவது தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தாள். நான் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு அத்தை டிரஸ்டிகளிடம் இரண்டு கூட்டங்களில் இதைப் பேசினாள். இரண்டாவது கூட்டத்தில் அந்த மெஷினை ஒக்கலிபுரத்தில் இருந்த இன்னொரு பர்மாக்காரப் பெண்ணுக்குக் கொடுப்பதாக முடிவாயிற்று. அவள் உண்மையிலேயே விதவை, அவளுக்கு மூன்று பிள்ளைகள். அந்த முடிவைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. மெஷினை நானே கொண்டுபோய் இறக்கி, எண்ணெய் விட்டு, ஓட்டிக் காட்டிவிட்டு வந்தேன்.

நடிகைக்கு அத்தை கடிதம் எழுதினாள். பதில் உடனே வந்தது, அவர் கையாலேயே எழுதியது. மிகவும் வருத்தப்பட்டிருந்தார். அடுத்த வசூலில் அந்த அம்மாவுக்கு நிச்சயம் என்று எழுதியிருந்தார். ஏலப் பணம் ஏற்கெனவே சென்னை முகாமுக்குக் கம்பளிகளாகப் போய்விட்டிருந்தது. அங்கே மழை, கூரையில்லாமல் இருந்தார்கள், அதுதான் அவசரம் என்று எழுதியிருந்தார். அதுவும் சரிதான். அவர் இன்னமும் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். கோயம்புத்தூரில் பேசியதைக் கேட்ட என் சித்தப்பா, தாலி இழந்த ஒரு பெண்ணின் கழுத்தில் அவர் தன் சங்கிலியைப் போட்ட கதையைச் சொன்னதாகவும் மைதானமே அழுததாகவும் எழுதினார். நன்றாக வசூலானதாம்.

இப்போது நிலைமை இது. ரங்கூனில் இருக்கும் கணவருக்கு வரிக் கடிதம் இன்னும் கிடைக்கவில்லை. அவரிடமிருந்து தபால் வருகிறது, உயிரோடு இருக்கிறார். அக்கா இன்னும் தங்கை வீட்டில்தான் இருக்கிறார். சிவாஜிநகரில் ஒரு தையல்கடையிலிருந்து சட்டைகளை வாங்கி வந்து காஜா எடுத்து, பொத்தான் தைத்துக் கொடுக்கிறார். அதற்கு மெஷின் தேவையில்லை, ஊசி போதும். அறை பிடிக்க அது போதாது. சங்கத்தின் அடுத்த வசூல் எப்போது என்று இன்னும் முடிவாகவில்லை.